கிளியோபாட்ராவை எங்கே உட்கார்ந்து பார்ப்பது: டிவியா, மொட்டை மாடியா, ஏற்காடா, தியேட்டரா?

1963-இல் வந்த 'கிளியோபாட்ரா' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், எங்கே பார்ப்பது என்பதில்தான் முதல் இழுபறி. டிவி போதும் என்பார் ஒருவர். மொட்டை மாடியில் திரை கட்டிப் போடுவோம் என்பார் இன்னொருவர். விடுமுறை சேர்ந்து வந்தால் ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கி அங்கே போடலாம் என்று ஒரு யோசனை கிளம்பும். கூட்டம் பெரிதாக இருந்தால், தியேட்டரையே ஒரு காட்சிக்கு எடுத்துவிடலாமே என்றும் யாராவது சொல்வார்கள். நான்குமே சேலத்தில் நடக்கக்கூடியவைதான். ஆனால் இந்தப் படத்துக்கென்று சில குணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், ஆசையாகத் தோன்றும் ஒன்றிரண்டு வழிகள் தாமாகவே விலகிவிடும்.

முதல் குணம் நீளம். 1963 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி ஓடியபோது படம் 4 மணி நேரத்தைத் தாண்டியது. பிறகு பரவலாக வெளியிடுவதற்காக 192 நிமிடத்துக்கு வெட்டினார்கள். இயக்குநர் ஜோசப் மான்கிவிச்சின் எண்ணம் வேறாக இருந்தது. சீசரும் கிளியோபாட்ராவும் ஒரு படம், ஆண்டனியும் கிளியோபாட்ராவும் அடுத்த படம், ஒவ்வொன்றும் 3 மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஸ்டூடியோ ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்த தையல் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. சீசர் கொலையுண்டு, கிளியோபாட்ரா ரோமை விட்டுக் கப்பலேறும் இடத்தில் முதல் பாதி முடிகிறது. ஆகவே இரண்டு இரவாகப் பிரித்துப் பார்ப்பது படத்துக்குச் செய்யும் துரோகம் இல்லை. எடுத்தவரே அப்படித்தான் நினைத்திருந்தார்.

வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் விலையைவிட ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். 3 மணி 12 நிமிடம் என்று இருந்தால் அது வெட்டிய பதிப்பு. 4 மணிக்கு மேல் இருந்தால் முழுப் பதிப்பு. வெட்டிய பதிப்பில் அதிகம் அடிபட்டது ஆண்டனியின் பகுதி. அதைப் பார்த்துவிட்டு "இரண்டாம் பாதி சொதப்பல்" என்று சொல்பவர்கள் பலர், குறையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சொல்கிறார்கள்.

இரண்டாவது குணம் அகலம். படம் டாட்-ஏஓ என்ற முறையில், 65 மில்லிமீட்டர் நெகட்டிவில் எடுக்கப்பட்டு 70 மில்லிமீட்டர் பிரதியில் ஓட்டப்பட்டது. திரையின் உயரம் 1 என்றால் அகலம் 2.20. ஒளிப்பதிவாளர் லியான் ஷாம்ராய் அந்த அகலத்தை மூலை முடுக்கு விடாமல் நிரப்பியிருக்கிறார். 1960-இல் ரூபன் மமூலியன் இயக்கத்தில் இங்கிலாந்தின் பைன்வுட்டில் தொடங்கினார்கள். ராணியாக நடித்த எலிசபெத் டெய்லர் நோயில் விழுந்தார், இயக்குநர் மாறினார், கடைசியில் ரோம் நகரத்து சினெசிட்டாவில் எல்லா அரங்கத்தையும் மறுபடி எழுப்பினார்கள். செலவான பணம் முழுவதும் திரையில் கிடக்கிறது. அரங்கம், உடை, ஒளிப்பதிவு, சிறப்புக் காட்சிகள் என்று நான்கு ஆஸ்கர். கம்ப்யூட்டர் கூட்டம் கிடையாது. ரோம் நகருக்குள் ராணி நுழையும் காட்சியில் தெரியும் ஒவ்வொரு தலையும் சம்பளம் வாங்கிய ஒரு மனிதத் தலை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய ஸ்டூடியோவின் அலங்கார வளைவைத் தாண்டிப் போகிறவர்களுக்கு, அரங்கம் போட்டுப் படமெடுப்பது என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-இல் அந்த வளைவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

மூன்றாவது குணத்தைப் பலர் யோசிப்பதில்லை. பிரம்மாண்டப் படம் என்று பேர் வாங்கியிருந்தாலும், இதன் பெரும்பகுதி அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது. அதுவும் விளக்கொளியில். சீசர் கொலையை ராணி தீயின் நடுவே காண்பது, கடைசியில் கல்லறை மண்டபம் என்று முக்கியமான பல இடங்கள் இருட்டில் நடக்கின்றன. ஆக, தேவைப்படுவது அகலமான படம், நல்ல இருட்டு, தெளிவான பேச்சு, அசையாமல் உட்கார இடம். திரை எத்தனை அங்குலம் என்பது இவற்றுக்குப் பிறகுதான்.

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் படத்தின் வடிவத்துக்கு ஏறத்தாழ அச்சாகப் பொருந்தும் திரை நம் வீட்டில் ஒன்று உண்டு, அது கைப்பேசி. 20:9 என்றால் 2.22. மேலும் கீழும் கறுப்புப் பட்டையே இல்லாமல் நிரம்பும். ஆனால் 6.5 அங்குலப் போனில் படத்தின் உயரம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. கூட்டக் காட்சியில் திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்கு நிற்கும் ஆள், போனில் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். அரிசிமணி அளவுகூட இல்லை. அதே ஆள் 55 அங்குல டிவியில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர், 100 அங்குலத் திரையில் 5 சென்டிமீட்டர். போனுக்கு இதற்கு மேல் இங்கே இடமில்லை.

டிவி

2 முதல் 4 பேர் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் டிவியிலேயே பார்க்கலாம். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். இந்தப் படம் அதில் 55 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தெரியும். மேலும் கீழுமாக ஆறரை சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை விழும். அதைப் பார்த்ததும் ரிமோட்டை எடுத்து 'ஜூம்' போடுவது நம் வீடுகளில் வழக்கம். போட்டால் அகலத்தில் 19 சதவீதம் வெட்டுப்படும். இரண்டு பேர் இரு ஓரத்தில் நின்று பேசும் காட்சியில் இரண்டு பேருக்கும் அரை முகம்தான் மிஞ்சும். பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

உட்காரும் தூரத்தில்தான் எல்லா வீட்டிலும் தப்பு நடக்கிறது. ஹாலின் ஒரு சுவரில் டிவி, எதிர்ச் சுவரோடு ஒட்டி சோபா, நடுவே 12 அடி. தொலைக்காட்சித் தொடருக்கு அது சரி. இந்தப் படத்துக்கு 55 அங்குல டிவியிலிருந்து ஏழரை அடி, முடிந்தால் ஐந்தரை அடி வரை நெருங்க வேண்டும். ஏழரை அடியில் படம் கண்ணில் 30 டிகிரி அகலம் பிடிக்கும், ஐந்தரை அடியில் 40. தியேட்டரில் நடு வரிசையில் கிடைப்பது இதற்குப் பக்கம்தான். சோபாவை இழுக்க முடியாவிட்டால் நாற்காலி, இல்லையேல் தரையில் பாய். 4 மணி நேரம் தரையில் உட்கார வேண்டுமென்றால் முதுகுக்குச் சுவரோ திண்டோ கட்டாயம்.

படத்தின் அமைப்பில் 'சினிமா' அல்லது 'மூவி' முறையை வையுங்கள். 'விவிட்' முறையில் டெய்லரின் முகம் மஞ்சள் பூசியது போலவும் தங்க அங்கி எரிவது போலவும் தெரியும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேர் வைத்திருக்கிறது. எந்தப் பேரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தின் நடுவே இல்லாத சட்டகங்களைச் செருகி அது பழைய படத்தை சீரியல் போல் ஆக்கிவிடும். ஊர்வலக் காட்சியில் கொடிகளின் விளிம்பு நடுங்குவதும் அதனால்தான்.

ஒலிக்கு டிவியின் சொந்த ஸ்பீக்கர் போதாது. அது பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும், பேச்சு சுவரில் பட்டுத் திரும்பி வரும். மூல ஒலியில் ஆறு தடங்கள், அதில் ஐந்து திரைக்குப் பின்னால் முன்பக்கம் மட்டுமே. பேசுகிற ஆள் இடப்பக்கம் இருந்தால் குரலும் இடப்பக்கமிருந்து வரும்படி செய்திருந்தார்கள். ஆகவே இந்தப் படத்துக்குப் பின்பக்க ஸ்பீக்கரை விட முன்பக்க ஸ்பீக்கர்தான் முக்கியம். திரைக்கு நேர் கீழே நல்ல சவுண்ட்பார் ஒன்று இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. ப்ளூடூத்தில் இணைத்தால் வாயசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி விழும். பேச்சே பிரதானமான படத்தில் அது பத்து நிமிடத்திலேயே உறுத்தும். கம்பி போட்டு இணையுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறவர்கள் இரண்டு கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடினால் மணிக்கு 2.25 ஜிபி, முழுப் படத்துக்கு 9 ஜிபிக்கு மேல். நாளுக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாவில் சீசர் எகிப்தில் இறங்கி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இன்னொன்று, வாடகைப் படம் ஓடத் தொடங்கியதிலிருந்து பொதுவாக 48 மணி நேரம்தான் திறந்திருக்கும். வெள்ளி இரவு 8 மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு இரவு 8-க்குள் முடித்தாக வேண்டும். இரண்டு இரவுத் திட்டத்தை அதற்குள் அடக்குங்கள். டிஸ்க் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, படத்தின் தரமும் கூடுதல்.

தொடக்கத்தில் சில நிமிடங்கள் இசை மட்டும் ஓடும். படம் தொங்கிவிட்டது என்று நினைத்து ஓட்டிவிடாதீர்கள். விளக்கை அணைத்து எல்லோரும் அமைதியாவதற்காகவே அந்தக் காலத்தில் வைத்தது. அந்த நேரத்தில் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும்.

மொட்டை மாடி

கேட்பதற்கு எல்லாவற்றிலும் இனிப்பானது இதுதான். இந்தப் படத்துக்கு உதவாததும் இதுதான்.

சேலத்தில் டிசம்பரில் பொழுது சாய்வது 6 மணியை ஒட்டி, ஜூனில் 6.40-ஐத் தாண்டி. திரையில் படம் எடுபடும் அளவு இருட்ட அதற்கு மேல் முக்கால் மணி நேரம் வேண்டும். குளிர்காலத்திலேயே 6.45-க்கு முன் தொடங்க முடியாது. 4 மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், இடைவேளை 20 நிமிடம். முடியும்போது 11.15 ஆகிவிடும், கோடையென்றால் நள்ளிரவு. திறந்த வெளியில் இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விதியை விடுங்கள், அம்மாப்பேட்டையிலோ குகையிலோ மாடியோடு மாடி ஒட்டிய தெருவில் ஆக்டியம் கடற்போரை 10.30 மணிக்கு ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் காலையில் எப்படி விழிப்பது? ஒலியைக் குறைத்தால் பேச்சு கேட்காது.

வெளிச்சமும் பிரச்சினை. தெருவிளக்கு இப்போது எல்லா இடத்திலும் வெள்ளை எல்இடி. மாடிச் சுவர் தடுத்தாலும் சிதறும் ஒளி திரையின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். பகல் காட்சிகள் ஒருவாறு தேறும். தீயும் விளக்குமாக நடக்கும் காட்சிகளில் மூக்கும் கண்ணும் மட்டும் மிதக்கும். காற்று வேறு. துணித் திரை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் ஆடினாலே ஓரங்கள் கலங்கும். கீழ் விளிம்பில் குழல் போல் தைத்து இரும்புக் கம்பி நுழைத்தால் ஆட்டம் குறையும், நிற்காது. மாடிதான் வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால் ஒன்றரை மணி நேரக் கார்ட்டூன் படம் போடுங்கள். ராணிக்கு வேண்டாம்.

அறைக்குள் புரொஜெக்டர்

6 முதல் 12 பேர் வரை சேர்ந்தால் இதுவே என் தேர்வு. மாடிக்கு வாங்கிய அதே புரொஜெக்டரை ஹாலுக்குள் கொண்டு வந்தால் போதும், இருட்டும் ஒலியும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

100 அங்குலத் திரை என்றால் 221 சென்டிமீட்டர் அகலம், 125 உயரம். புரொஜெக்டரின் குறிப்பில் எறிவிகிதம் என்று ஒரு எண் இருக்கும். அதைத் திரையின் அகலத்தால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று வந்துவிடும். 1.2 என்றால் 2.65 மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அடங்கும். ஆனால் அப்போது புரொஜெக்டர் ஆட்களுக்கு நடுவில் வரும். மேசையில் வைத்தால் முன்னால் இருப்பவரின் தலை நிழல் விழும், எனவே ஸ்டூல் மேல் ஸ்டூல் அடுக்காமல் அலமாரித் தட்டு போன்ற அசையாத இடத்தில் வையுங்கள். சாய்த்து வைத்துவிட்டு 'கீஸ்டோன்' போட்டு நேராக்கினால் படத்தின் கூர்மையில் ஒரு பங்கு போய்விடும். இயன்றவரை நேராக வைத்து, மீதிக்கு மட்டும் அதைத் தொடுங்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு எளிய கணக்கு. தியேட்டரில் திரைக்கு இருக்க வேண்டிய வெளிச்சத்தை 100 அங்குலத்தில் கொண்டுவர சுமார் 400 ஆன்சி லூமென் (பொது முறையில் அளந்த வெளிச்ச அளவு) வேண்டும், 120 அங்குலத்துக்கு 600. இது முழு இருட்டில், வெள்ளைத் திரையில். விளக்கு நாளாக நாளாக மங்கும், ஆகவே ஒன்றரை மடங்கு வைத்து வாங்குவது நல்லது. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் லூமென் அச்சடித்திருந்தாலும் 'ஆன்சி' என்ற சொல் அருகில் இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 200 ஆன்சி உள்ள சின்னப் பெட்டியென்றால் திரையை 70 அங்குலத்துக்குச் சுருக்குங்கள். மங்கலான பெரிய படத்தைவிடப் பளிச்சென்ற சின்னப் படம் மேல்.

திரைத் துணிக்கு சேலத்தில் பஞ்சமில்லை. ஆனால் வேட்டியைக் கட்ட வேண்டாம். ஒளி பாதி பின்னால் போய்விடும், கரை வேறு தெரியும். திரைச்சீலைத் துணிக் கடையில் ஒளி புகாத வெள்ளைத் துணி 54 அங்குலப் பன்னாவில் கிடைக்கும். அது 137 சென்டிமீட்டர். 100 அங்குலத் திரைக்கு உயரம் 125 போதும் என்பதால் நடுவே தையலே வராது. இரண்டரை மீட்டர் வாங்கினால் ஓரம் மடிக்கவும் மிச்சம் இருக்கும். இந்தப் படத்துக்கு மட்டும் இன்னொரு வேலை: படம் 100 சென்டிமீட்டர் உயரம்தான் பிடிக்கும், மேலும் கீழும் 12 சென்டிமீட்டர் சாம்பல் பட்டை விழும். டிவியில் உள்ளது போல் அது கறுப்பாக இருக்காது. இரண்டு கறுப்புத் துணிப் பட்டையை அந்த அளவுக்கு ஊசி குத்தி மறைத்துப் பாருங்கள், படம் ஒரு படி தூக்கலாகத் தெரியும். சப்டைட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் கீழ்ப்பட்டையைப் போடும் முன் எழுத்து எங்கே விழுகிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். சில பிளேயர்கள் எழுத்தைப் பட்டைக்குள்தான் போடும்.

கடைசி நேரத்தில் எல்லோரையும் கவிழ்ப்பது ஒன்று உண்டு. போனில் வாடகைக்கு எடுத்த படத்தைப் புரொஜெக்டரில் பிரதிபலித்தால் ஒலி வரும், படம் வராது. கறுப்பாக நிற்கும். பழுது இல்லை, காப்புரிமைப் பூட்டு. மலிவு புரொஜெக்டரில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பிலும் பலமுறை படத்தின் தரம் 480 வரிக்கு மேல் ஏறாது, அதற்கு வேண்டிய சான்று அந்தப் பெட்டிக்கு இருக்காது. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ டிஸ்க் பிளேயரோ இருந்தால் இரண்டும் தீரும். விருந்தாளிகள் வரும் நாளில் அல்ல, அதற்கு முந்தைய இரவில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

கரண்ட் போனால்? எல்இடி புரொஜெக்டர் 120 வாட், ஸ்பீக்கர் 40, மின்விசிறி 70 என்று வைத்தால் 230 வாட். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று உள்ள இன்வெர்ட்டர் இதைச் சுமார் 4 மணி நேரம் தாங்கும். பழைய பல்பு வகைப் புரொஜெக்டர் தனியாகவே 300 வாட் இழுக்கும். அதில் இன்னொரு ஆபத்து, கரண்ட் சட்டென்று நின்றால் உள்ளே விசிறியும் நின்றுவிடும், கொதிக்கும் பல்பு ஆற வழியில்லாமல் ஆயுள் குறையும். பல்பு வகையைச் சின்ன யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஏற்காடு

மலையில், குளிரில், சூடான காப்பியோடு ராணி படம். ஆசை நியாயமானதுதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் உட்காருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை: அங்கேயே தங்க வேண்டும். நள்ளிரவில் படம் முடித்து, கண் எரிய, பனிமூட்டத்தில் கீழே இறங்கும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே கைவிடுங்கள்.

தங்குவதென்றால் நல்ல விஷயம் இரண்டு இரவு கிடைப்பது. ஒண்டிக்கடைப் பக்கமோ ஏரிப் பக்கமோ நெருக்கடியான இடத்தைவிடக் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் இருட்டும் அமைதியும் தரமாக இருக்கும். மே மாதக் கோடை விழா நாட்களில் இந்த இரண்டையும் எதிர்பார்க்காதீர்கள்.

சிக்கல்கள் கருவிக்கு வரும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். பல புரொஜெக்டர்களின் கையேட்டில், சரியாக இந்த உயரத்திலிருந்துதான் 'உயர்நில' முறையைப் போடச் சொல்லியிருக்கும். காற்று மெல்லியதானால் அதே வேகத்தில் சுற்றும் விசிறி அதே சூட்டை வெளியே தள்ளாது. அமைப்புப் பட்டியலுக்குள் அந்த முறையைத் தேடிப் போடாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துச் சூடு மிஞ்சி தானாக அணையலாம். போட்டால் விசிறி இரைச்சல் கூடும். எனவே உட்காரும் இடத்திலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள்.

ஈரமும் கவனிக்க வேண்டியது. காரின் டிக்கியில் குளிர்ந்து கிடந்த பெட்டியை ஆட்களின் மூச்சும் அடுப்புச் சூடும் நிறைந்த அறைக்குள் வைத்து உடனே திறந்தால் லென்ஸில் நீர்ப்படலம் படியும். படம் பால் ஊற்றியது போல் வெளுக்கும். துணியால் துடைத்தால் கோடு விழும். மூடியபடியே அறைக்குள் அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறந்தால் போதும். இரவு முழுக்க ஜன்னல் திறந்த அறையில் வெளியே வைக்காதீர்கள்.

இணையத்தை நம்பி மேலே போக வேண்டாம். தோட்ட வீடுகளில் சிக்னல் ஒரு மூலையில் இருக்கும், அடுத்த மூலையில் இருக்காது. சேலத்திலேயே பதிவிறக்கிக்கொண்டு போனாலும், அது போனிலோ டேப்பிலோதான் ஓடும், முன்சொன்ன பூட்டினால் திரைக்குப் போகாது. மலைக்கு ஏற்றது டிஸ்க்கும் பிளேயரும்தான். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்ட் வரப் பல மணி நேரம் ஆகலாம், வீட்டுக்காரரிடம் ஜெனரேட்டர் உண்டா என்று அல்ல, "அறை பிளக்குக்கும் ஜெனரேட்டர் வருமா" என்று கேளுங்கள். சில இடங்களில் விளக்குக்கு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். இத்தனையும் சரியாக அமைந்தால் சேலத்து ஹாலில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: மின்விசிறிச் சத்தமே இல்லாத அறை. மெல்லிய குரலில் பேசும் காட்சிகளுக்கு அது பெரிய வரம்.

தியேட்டர்

50, 60 பேர் சேராமல் யோசிக்க வேண்டாம். சேர்ந்தாலும், பணம் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டு டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான் உரிமை தருகிறது. தியேட்டரில் போட உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், அது வர வாரங்கள் ஆகும். கல்லூரி போன்ற கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு வழி உண்டு: கல்லூரி நடவடிக்கையின் பகுதியாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்றோர் மட்டும் பார்ப்பதாக இருந்தால் கல்லூரி அரங்கில் போடலாம். டிக்கெட் போட்டு வெளியாரை விட்டால் அது பொருந்தாது.

அனுமதி கிடைத்துவிட்டால் நேரக் கணக்கு. நாளுக்கு நாலு காட்சி ஓட்டும் தியேட்டரில் ஒரு காட்சிக்கான இடத்துக்குள் 4 மணி நேரப் படமும் இடைவேளையும் அடங்காது. இரண்டு காட்சிக்கு வாடகை கேட்பார்கள், நியாயம்தான். வார நாளில் காலைக் காட்சியையும் மதியக் காட்சியையும் சேர்த்துக் கேட்பது கையைக் கடிக்காது.

அடுத்து, எந்த வடிவத்தில் ஓட்டுவார்கள் என்று கேளுங்கள். தியேட்டருக்கான டிசிபி கோப்பு வந்தால் அதற்கான சாவி குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறக்கும். நேரம் தவறினால் ஆபரேட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. 40 அடி அகல ஸ்கோப் (மிக அகலமான வடிவத்) திரையில் அந்தக் கோப்பு சரியாகப் பொதிந்திருந்தால் படம் 37 அடிக்கு விரியும். அதற்குப் பதிலாக டிஸ்க் பிளேயரை எச்டிஎம்ஐ வழியாக மாட்டி, லென்ஸைத் தொடாமல் ஓட்டினால் அதே திரையில் படம் 30 அடி அகலம், பதின்மூன்றரை அடி உயரம், நாலாபுறமும் கறுப்பு. பெரிய தட்டில் சின்னத் தோசை. லென்ஸை விரித்து அகலத்தை நிரப்ப முடியுமா என்று முன்தினமே பார்த்துவிட வேண்டும். முடியாது என்றால் ஹாலில் 100 அங்குலமே போதும், காசாவது மிஞ்சும். முடியும் என்றால், ரோம் நகரத்துக்குள் ஸ்பிங்ஸ் உருளும் அந்த ஊர்வலத்துக்கு இதை அடித்துக்கொள்ள வேறு இடமில்லை. ஊர்வலத்தின் பின்னால் நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவையும் அப்போது நன்றாகப் பார்க்கலாம். நிஜ வளைவு எழுந்தது கி.பி. 315-இல், சீசர் கொலையுண்டு மூன்றரை நூற்றாண்டு கழித்து.

எந்த இடமானாலும், புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு விளக்கணைக்கும் முன் ஐந்து வருடங்களைச் சொல்லிவையுங்கள். கி.மு. 48 பார்சாலஸ் போர், படம் அதன் முடிவில் திறக்கிறது. 44 சீசர் கொலை. 42 பிலிப்பி போர், இரண்டாம் பாதி அங்கே தொடங்குகிறது. 31 ஆக்டியம் கடற்போர். 30 ராணியின் மரணம். இவை தெரிந்தால் "இவர் யார், இப்போது ஏன் கோபப்படுகிறார்" என்ற கிசுகிசுப்பு பாதியாகக் குறையும். கம்பளத்தில் சுருட்டி ராணியைத் தூக்கி வரும் காட்சியில், புளூட்டார்க் எழுதியது கம்பளம் அல்ல, படுக்கை கட்டும் பை என்று யாராவது ஆரம்பித்தால் இடைவேளைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இடைவேளைக்குத் தட்டுவடை செட் என்று முடிவானால், முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் சட்னியும் பீட்ரூட்டும் ஊறித் தட்டை நமத்துவிடும். தட்டை ஒரு டப்பாவில், துருவல் ஒன்றில், இரண்டு சட்னியும் தனித்தனியாக வைத்து, சீசர் விழுந்து கப்பல் புறப்பட்டதும் விளக்கைப் போட்டு அடுக்கினால் ஆளுக்கு நாலு என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எண்ணெய்க் கையோடு யாரும் ரிமோட்டைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.